அன் விகுதியும் அர் விகுதியும்
யாழ்ப்பாணத்து மக்கட்பெயர் பற்றிய ஒரு மறுப்பு

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் பெயர்கள் பொருளிழந்து போயின என்னும் முறைப்பாடு மேடைதோறும் ஒலிக்கின்றது. பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலே டிலக்சன், நிரோசன், துசாந்தன், யதுசன், டினுசியா, லக்சிகா எனப் பெயர்ப்பட்டியல் வாசிக்கப்படும்போது முன்வரிசையில் வீற்றிருக்கும் முதியோர் முகஞ் சுளிக்கின்றனர். தலைமையுரையாற்றுவோர் அப்பட்டியலையே பொருளாகக் கொண்டு, கந்தையாவும் வேலுப்பிள்ளையும் வள்ளியம்மையும் வாழ்ந்த மண்ணில் இவையென்ன பெயர்கள் என வினவுகின்றனர். அவையோர் கைதட்டுகின்றனர். விழா முடிந்ததும், அவ்வாறு கைதட்டியோரே தத்தம் பேரப்பிள்ளைகளை அப்பெயர்களாலேயே விளித்து வீட்டுக்கு அழைத்துச் செல்கின்றனர்.

இம்முறைப்பாட்டில் உண்மையில்லை என்பதற்கில்லை. எனினும் முறையிடுவோர் குற்றத்தை ஓரிடத்திற் கண்டு தண்டத்தை வேறோரிடத்தில் விதிக்கின்றனர். பழைய பெயர்கள் யாவும் பொருளும் பண்பும் நிறைந்தவை, புதியவை யாவும் ஓசை மாத்திரமே உடையவை என்னும் அவர்தம் கூற்று வரலாற்றின்முன் நில்லாது. பழைய பெயருக்குப் பொருளிருந்தது மெய்யே. அப்பொருள் யாது என்பதே கேட்கப்படவேண்டிய வினா.

முதலில் அப்பெயர்களின் பெருமையை ஒப்புக்கொள்ளுதல் தகும். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களின் பழைய பெயர்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு அவை ஒரு தலயாத்திரைப் படமாகத் தோன்றும். பொன்னம்பலம், அம்பலவாணர், தில்லையம்பலம், திருச்சிற்றம்பலம், கனகசபை, சபாபதி, சபாரத்தினம், நடராசா என்பன யாவும் சிதம்பரம் என்னும் ஒரே தலத்தினின்றும் பிறந்தவை. கடல்கடந்து தில்லைக்குச் சென்றோரும், அங்கே மடமும் அறக்கட்டளையும் நிறுவினோரும், செல்ல வசதியின்றி ஏங்கியோரும் அத்தலத்தைத் தம் பிள்ளைகளின் பெயரிலே குடியேற்றினர். அருணாசலம் திருவண்ணாமலையைச் சுட்டும்; தியாகராசா திருவாரூரைச் சுட்டும்; ஏகாம்பரம் காஞ்சியைச் சுட்டும்; வைத்தியலிங்கம் புள்ளிருக்குவேளூரைச் சுட்டும்; விசுவநாதரும் விசாலாட்சியும் காசியைச் சுட்டுவர். ஈழத்துத் தலங்களும் விடுபட்டில. கதிர்காமரும் கதிர்காமத்தம்பியும், கோணேசரும் கோணாமலையும், கேதீசுவரனும், கீரிமலையின் நகுலேசுவரனும், வடமராட்சியில் ஆழ்வார் கோயில்கொண்ட ஊரின் பெயரை அப்படியே ஆட்பெயராக்கிய வல்லிபுரமும் அவ்வழி வந்தோரே. நயினாதீவு அம்மனின் அருளை வேண்டினோர் நாகம்மாவும் நாகேசுவரியும் நாகபூசணியுமாயினர்.

பாட்டனின் பெயரைப் பெயரனுக்கு இடும் வழக்கமும் அக்காலத்து உறுதியாக நின்றது. பெயரன் என்னுஞ் சொல்லே பேரன் என மருவிற்று. மானிப்பாய் வழிவந்த சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் (1853-1924) தந்தை பொன்னம்பலம். அப்பொன்னம்பலத்தின் தந்தை அருணாசலம். ஒரு தலைமுறை இடைவிட்டு அதே பெயர் மீள்கின்றது. தந்தை பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னுமாக எழுதும் முறையோ இதனினும் தொன்மையுடையது. அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை ஆகிய தொகைகளில் ஏழு பாடல்களுக்கு உரியவராகிய ஈழத்துப் பூதன்றேவனார், பூதன் மகன் தேவன் எனவே பொருள்கொள்ளப்படுவர். தந்தை பெயரும் மகன் பெயரும் புணரும்போது நிகழும் எழுத்து மாற்றத்துக்குத் தொல்காப்பியம் தனியே விதி வகுத்துள்ளது. குடும்பப்பெயர் என ஒன்றில்லாத இம்முறையைக் கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள அலுவலகங்கள் விளங்கிக்கொள்ள மாட்டாமல், தந்தையின் பெயரையே குலப்பெயராக்கி, மருமகளுக்கும் அதனைச் சூட்டி, பேரன் காலத்தில் எவருக்கும் உறவு புலப்படாத ஒரு சொல்லாக நிறுத்திவிட்டமை வேறொரு கதை.

இவ்வளவும் பெருமைக்குரியன. ஆயின் ஈழத்துப் பூதன்றேவனாரின் பெயரிலே பழமைபேசுவோர் கருதிப் பாராத செய்தியொன்று உள்ளது. தேவன் என்பது அவர் பெயர். பூதன் என்பது தந்தை பெயர். ஆர் விகுதி பிற்காலத்தார் மதித்துச் சேர்த்தது. சாத்தன், கொற்றன், ஆதன், பூதன், கண்ணன் என அன் விகுதி பெற்றுவந்த பெயர்களே சங்ககாலத்துப் பெருவழக்கு. கரிகாலன் பேரரசன், நெடுஞ்செழியனும் பேரரசன். அன் விகுதி அவர்களுக்கு இழிவாகவில்லை. அது ஆண்பாலொருமையைக் காட்டிற்று. அதற்கு மேல் எதனையும் காட்டவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் அவ்விகுதிக்கு நேர்ந்தது யாது? நிலமுடையோன் கந்தர் ஆயினான், கந்தப்பிள்ளை ஆயினான், பின்னர்க் கந்தையாவும் கந்தசாமியும் ஆயினான். அவனுடைய நிலத்திற் பாடுபட்டவன் கந்தன் ஆகவே நிறுத்தப்பட்டான். இருவர்க்கும் தெய்வம் ஒன்று. இருவர் பெயரும் நல்லூர் வீதியில் தேரேறி வரும் ஒரே முருகனைக் குறிப்பது. வேற்றுமை ஈற்றெழுத்தில் மாத்திரமே இருந்தது. வேலுப்பிள்ளை ஒரு புறம், வேலன் மறுபுறம். பொன்னையா ஒரு புறம், பொன்னன் மறுபுறம். பெண்களுக்கும் இதே கணக்கு: வள்ளியம்மைக்கு எதிரே வள்ளி, செல்லம்மாவுக்கு எதிரே செல்லி, பொன்னம்மாவுக்கு எதிரே பொன்னி, சின்னம்மாவுக்கு எதிரே சின்னி. ஆளைக் காணாமலே, பெயரை மட்டுங் கேட்டு, அவரைத் திண்ணையில் இருத்துவதா முற்றத்தில் நிறுத்துவதா என்பதைத் தீர்மானிக்க இவ்வீறு போதுமாயிருந்தது. இலக்கணம் கூறும் ஒருமை பன்மை விகுதிகளைச் சாதி காட்டும் விகுதிகளாக மாற்றிய பெருமை யாழ்ப்பாணத்துக்கு உரியது!

இது தற்செயலாக அமைந்த வழக்கு அன்று. தோளில் துண்டிடல், பெண்கள் மேலாடை அணிதல், நகை பூணல், வாத்தியம் இசைத்துப் பிணம் எடுத்தல், பொதுக்கிணற்றில் நீர் அள்ளல் என ஒடுக்கப்பட்ட மக்களுக்கு விலக்கப்பட்டவை பல. உயர்ந்தோர் எனப்பட்டோரின் பெயர்களை இட்டுக்கொள்ளலும் அவ்விலக்குகளுள் ஒன்று. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகள் பற்றித் தனிப்பகுதி உண்டு. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1844இலே. சட்டத்தினின்றும் அது ஒழிந்த பின்னரும் பெயரினின்றும் ஒழியவில்லை. மகனுக்குக் கந்தசாமி என்று பெயரிட்டுப் பதியச் சென்ற தகப்பனிடம் ஒரு சொல்லும் கேளாது பதிவேட்டிலே கந்தன் எனக் குறித்தனுப்பிய கதைகளைக் கிராமந்தோறும் முதியோர் கூறுவர். பதிவேட்டில் தப்பிய பெயர் பள்ளிக்கூட இடாப்பிற் குறைந்த கதையும் உண்டு. இரண்டிலும் தப்பியது ஊரார் வாயிலே தப்பவில்லை. தாளில் கந்தசாமியாக இருந்தவன் ஒழுங்கையிற் கந்தனாகவே நடந்தான்.

இக்கொடுமையை அறிந்தவர்களுக்கு ஒன்று விளங்கும். பழைய பெயர்களுக்கு மீளுவோம் என்று ஒருவர் மேடையில் முழங்குவாராயின், எந்தப் பழைய பெயருக்கு என்று அவரைக் கேட்டல் வேண்டும். கந்தையாவின் பேரன் கந்தையாவுக்கு மீளலாம். அவனுக்கு அது பாட்டன் தேடிவைத்த சொத்து. கந்தனின் பேரன் எதற்கு மீளுவது? அவன் பெற்றோர் அவனுக்கு டிலக்சன் எனப் பெயரிட்டமை அறியாமையென்று எள்ளுவோர், அப்பெயரின் ஈற்றிலிருந்து எவராலும் அவன் இருக்கவேண்டிய இடத்தைக் கணிக்க முடியாதிருப்பதைக் கவனித்தாரல்லர்.

இனி, இம்மாற்றம் ஒடுக்கப்பட்டோரிடம் தொடங்கியது என்பது பொருளன்று. அர் விகுதியை முதலிற் கைவிட்டோர் அதனை உடையோரே. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அவர்தம் பிள்ளைகள் லிங்கங்களும் இரத்தினங்களும் நாயகங்களும் சிங்கங்களும் ஆயினர். மகாலிங்கம், சண்முகலிங்கம், சபாரத்தினம், குலநாயகம், இராசசிங்கம் என்பன அத்தலைமுறையின. அவர்களுடைய சகோதரியர் பரமேசுவரி, மகேசுவரி, புவனேசுவரி, யோகேசுவரி, இராசேசுவரி என ஒரே அச்சில் வார்க்கப்பட்டனர். ஒரு வகுப்பிலே நான்கு ஈசுவரிகள் இருப்பின் ஆசிரியர் என்ன செய்வர் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்கவில்லைப் போலும்! அதன் பின்னர்ச் சிவநாதன், யோகநாதன், பாஸ்கரன், சிவானந்தன், இளங்கோவன், குகன் என அன் விகுதி மீண்டது. பாட்டன் தன் வீட்டு முற்றத்தில் நின்றவனுக்கென ஒதுக்கிவைத்த அதே விகுதியைப் பேரன் மகிழ்ந்து பூண்டான். அவ்வகையில் அன் விகுதி எல்லார்க்கும் பொதுவாயிற்று. நிரோசனும் துசாந்தனும் யதுசனும் அவ்வழி வந்தோரே. ஓராயிரம் சீர்திருத்தச் சொற்பொழிவுகள் சாதியாததை ஒரு விகுதியின் பரவல் ஓரளவு சாதித்தது.

ஓரளவு என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். பெயரில் மறைந்த சாதி, எவ்விடம், எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்ற கேள்விகளில் உயிர்வாழ்கின்றது. மணமகள் தேவை விளம்பரத்தில் கொழுத்து வாழ்கின்றது. 1957இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிப் பதினோராண்டு கழிந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் மக்கள் போராடவேண்டியிருந்தது. கந்தசுவாமி என்பது அங்கே உள்ளிருந்த தெய்வத்தின் பெயர். வெளியே நிறுத்தப்பட்டோர் பாட்டன்மாருக்குக் கந்தன் என்பதற்கு மேல் அனுமதியில்லை. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவார்க்குப் பெயர் ஒரு சிறிய விடயமாகத் தோன்றாது.

ஈற்றெழுத்தின் பிடியினின்றும் தப்ப மதமாற்றமும் ஒரு வழியாக அமைந்தது. கத்தோலிக்கத் திருச்சபை போர்த்துக்கேயர் காலந்தொட்டுத் தந்த பெயர்களைத் தமிழ் தன் வாய்க்கேற்ப வளைத்தது. சந்தியாகு சந்தியாப்பிள்ளையானார், செபஸ்தியான் பஸ்தியாம்பிள்ளையானார், சேவியர் சவரிமுத்தானார். பவுலைச் சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும், பேதுருவை இராயப்பர் என்றும் தமிழாக்கினர். இங்கும் பிள்ளை விகுதி தன் வேலையைத் தொடர்ந்து செய்தது என்பதைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் உத்தியோகத்துக்காக ஞானஸ்நானம் பெற்ற முதலிமார் தம் தமிழ்ப்பெயரின் முன்னே தொன் என்பதை ஒட்டிக்கொண்டனர். ஆட்சி மாறியதும் அது உதிர்ந்தது. அமெரிக்க மிசனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியின் முறை வேறு. மாணவனுக்குப் பணமனுப்பிய அமெரிக்க உபகாரியின் விருப்பப்படி அவனுக்குப் பெயரிட்டனர். சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். கதிரவேற்பிள்ளை வைமன் ஆனார். விசுவநாதபிள்ளை கறல் ஆனார். இக்கறல் விசுவநாதபிள்ளையும், வின்ஸ்லோ என்னும் பெயர்பெற்ற தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவராவர். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளையின் (1832-1901) முதலெழுத்துகள் ஆங்கிலத்திற் சி. டபிள்யூ. என நிற்க, தமிழிற் சிறுப்பிட்டி வைரவநாதர் மகன் எனப் பொருள்படச் சி. வை. என நிற்கின்றன. இருபெயர் தாங்கிய ஒரு காலத்தின் முழுக் கதையும் அவ்விரண்டு எழுத்துகளில் அடங்கும். அந்நியப் பெயர் புகுந்ததாற் றமிழ் அழிந்துவிடும் என அஞ்சுவோர்க்குத் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றித் தந்தவர் ஒரு காலத்து வின்ஸ்லோ என்பதை நினைவூட்டலாம்.

அவ்வாறே, பஞ்சமர் நாவலை 1972இல் வெளியிட்ட டானியலின் பெயர் டகரத்தில் தொடங்குகின்றது. 1966இல் மல்லிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவாவின் பெயரும் டகரத்தில் தொடங்குகின்றது. டகரம் மொழிக்கு முதலில் வாராது என்பது இலக்கண விதி. விதி தெரிந்தோர் பலர் யாழ்ப்பாணத்தில் இருந்தனர். அவ்விருவரும் எழுதியவற்றை எழுதும் விதி தெரிந்தோர் மிகச் சிலரே இருந்தனர்.

இவ்வாறு கூறுவதனால் இன்றைய பெயரீட்டு முறை குற்றமற்றது என்றாகிவிடாது. குற்றம் எங்குளது என்பதே வாதம். பெயர்கள் பொருளற்றுப் போவதற்குத் தாய்மாரின் நாகரிக மோகத்தையும் சினிமாவையும் கிரிக்கெட்டையும் காரணங் காட்டுவோர், உண்மைக் காரணத்தின் முன்னே தேங்காய் வெற்றிலையுடன் சென்று கைகட்டி நிற்கின்றனர். அது சோதிடர் கையிலுள்ள எழுத்து அட்டவணை.

பிறந்த நட்சத்திரத்தின் பாதத்துக்குரிய எழுத்திற் பெயர் தொடங்கவேண்டும் என்பது அட்டவணையின் சட்டம். இருபத்தேழு நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 எழுத்து. இவ்வட்டவணை வடமொழி எழுத்தொலிகளைக் கொண்டு அமைந்தது. பரணியின் நான்கு பாதங்களுக்கும் லி, லு, லே, லோ; ஆயிலியத்தின் நான்கு பாதங்களுக்கும் டி, டு, டே, டோ. தமிழில் லகரமும் டகரமும் சொல்லுக்கு முதலாகா. தொல்காப்பியமும் நன்னூலும் மொழிமுதல் எழுத்துகளில் ஒன்றுக்கொன்று வேறுபடுவதுண்டு. பின்னையது முன்னையதினும் நெகிழ்ந்தது. ஆயினும் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்பவற்றை இரண்டும் ஏற்கவில்லை. எனவே பரணியிலோ ஆயிலியத்திலோ பிறந்த ஒரு குழந்தைக்குத் தமிழ்ச்சொல் எதுவும் பெயராக வாய்க்காது. அட்டவணை அக்குழந்தையைப் பிறந்த அன்றே மொழியினின்றும் விலக்கிவைக்கின்றது. திருவாதிரைக்குரிய எழுத்துகளுள் ஒன்று ங. அவ்வெழுத்திற் பெயர் தேடிக் களைத்த பெற்றோர்க்குச் சோதிடரே இரங்கி வேறெழுத்துத் தருவார். விதி அத்துணைக் கண்டிப்பானதாயின் அங்கே மாத்திரம் நெகிழ்வது எங்ஙனம்?

முன்னோர்க்கும் நட்சத்திரம் இருந்தது, வடசொல்லும் இருந்தது. அவர்கள் வடசொல்லைத் தமிழ்ப்படுத்த ஒரு வழி வைத்திருந்தனர். லிங்கம் இலிங்கமாயிற்று, லக்ஷ்மி இலட்சுமியும் இலக்குமியும் ஆனாள், ரத்னம் இரத்தினமாயிற்று, ரங்கன் அரங்கனானான். முன்னே ஓர் உயிரெழுத்தைப் பெற்றுத் தமிழ் வாயிலிற் குனிந்து நுழைந்த சொற்கள் அவை. அட்டவணை இவ்வாயிலை அடைத்துவிட்டது. லகரமே முதலில் நிற்கவேண்டும், இகரம் முன்வந்தால் எழுத்து மாறிவிடும் என்கின்றது. ஆதலால் லக்சன், லக்சிகா, லோஜிதன், டிலக்சன், டினுசன் எனப் பெயர்கள் பெருகுகின்றன. றஞ்சன், றமேஸ், றூபன் என வல்லின றகரத்தை முதலில் நிறுத்தும் யாழ்ப்பாணத்துக்கே உரிய எழுத்து முறையும் இதனோடு கைகோத்தது. ஒலியைச் சரியாகக் காட்டவேண்டும் என்னும் ஆசை அதற்குக் காரணமாகலாம். தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர் மொழிமுதலெழுத்துப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போது, அவ்விதிக்கு மாறான பெயருடைய பிள்ளைகளே வகுப்பிற் பாதிக்கு மேல் இருந்து அவரைப் பார்க்கின்றனர்.

எழுத்து முடிந்ததும் எண் வருகின்றது. எண்சோதிடர் பெயரைத் தமிழெழுத்திற் கணிப்பதில்லை; ஆங்கில எழுத்திற் கணிக்கின்றார். ஆங்கில எழுத்துகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை எண் கொடுத்துக் கூட்டும் அம்முறையை உலகெங்கும் பரப்பியவர் கீரோ என்னும் புனைபெயர் கொண்ட ஐரிசுக்காரர். 1866இல் அயர்லாந்திற் பிறந்து 1936இல் அமெரிக்காவின் ஹொலிவூட்டில் இறந்தார். கல்தேயரின் பண்டைய அறிவு என அவர் விளம்பரஞ் செய்தது தமிழகத்து நூல்கள் வழியாக வந்து இன்று யாழ்ப்பாணத்துத் தொட்டிற் கரையில் நிற்கின்றது. கூட்டுத்தொகை பொருந்தாவிடில் ஆங்கிலத்தில் ஓர் எச் சேர்க்கப்படும். ஓர் ஏ இரட்டிக்கப்படும். தமிழில் அப்பெயர் எவ்வாறு ஒலிக்கும், எவ்வாறு எழுதப்படும் என எவருங் கேட்பதில்லை. அந்நிய மதத்தார் உபகாரியின் பெயரை நம் பிள்ளைகளுக்கு இட்டனர் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பழிக்கும் சைவர், தம் பிள்ளையின் விதியை ஆங்கில நெடுங்கணக்கிடம் ஒப்படைத்திருப்பதை எங்ஙனம் நியாயப்படுத்துவர்? செமினரியில் ஒரு பெயரை ஏற்றவனுக்குக் கல்வியாவது கிடைத்தது.

பொருள் என்னும் விடயத்திற் புதிய பெயர்களை ஒட்டுமொத்தமாகப் பொருளற்றவை எனத் தள்ளுவதும் பிழை. ரோசன் என்பது பாரசீகம். ஒளி என்பது பொருள். பாரசீகத்தினின்றும் இந்திக்கும், அங்கிருந்து சிங்களத்துக்கும் தமிழுக்கும் வந்திருத்தல்வேண்டும். நிரோசாவுக்குச் சினமற்றவள் என வடமொழியிற் பொருள்கொள்ள இடமுண்டு. துசாரா பனி. கஜன் யானை, பிள்ளையாரை நினைந்திட்ட பெயராகலாம். துசாந்தன் என்பது துஷ்யந்தன் வழியில் ஓரெழுத்தைத் தொலைத்து வந்தவன் போலும். ஆயின் யது என்பதோடு சன் ஒட்டியும், டினு என்பதோடு சியா ஒட்டியும் பிறப்பவற்றுக்கு எம்மொழியிலும் பொருள் இல்லை. பொருள் இல்லாமையிலும் கேடு, பொருள் தெரியாமை. கற்றவளுக்கு வடமொழியில் விதுஷி என்பர். விதூஷகன் என்பவனோ நாடகத்துக் கோமாளி. ஒரு குறில் நெடிலாக அறிஞன் கோமாளியாகும் இடத்தில், எண் பொருந்தவில்லை என்று சொல்லி எழுத்தை நீட்டுகின்றனர்.

இனித் தனித்தமிழ்ப் பெயர் வேண்டுவோர் பக்கம் திரும்புதல் வேண்டும். வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என மாற்றிய அடிகள் 1916இல் தொடங்கிய இயக்கம் தமிழுக்குச் செய்த நன்மை பெரிது. அவர் தம் மக்களின் பெயரையும் மாற்றினார். திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார். திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். அறிவுத்தொடர்பும் முந்நகரழகியும் ஊரிற் பரவவில்லை. இளங்கோவும் கண்ணகியும் மணிமேகலையும் கயல்விழியும் பரவினர். முன்னவை மொழிபெயர்ப்பு, பின்னவை மொழி. ஆதலால், பட்டியல் அச்சிட்டு வழங்குவோர் வடமொழிப் பெயரொவ்வொன்றுக்கும் நேர்ச்சொல் சமைப்பதை விடுத்து, மக்கள் நாவில் ஏற்கெனவே உள்ளவற்றை நோக்குதல் நன்று. மேலும், மீனாட்சியையும் விசாலாட்சியையும் ஆறுமுகத்தையும் வடசொல்லென்று விலக்கிவிட்டு லக்சிகாவைப் பற்றி மௌனஞ் சாதிப்போரும் அவர்களுள் உண்டு. நூற்றாண்டுகளாகத் தமிழ் வாயில் ஊறித் தமிழ் ஓசை பெற்ற சொல்லோடு போர்தொடுப்பது எளிது, அச்சொல்லுக்குரியோர் இறந்துவிட்டனர். சோதிடரோடு போர்தொடுப்பது கடினம். அவர் அடுத்த தெருவில் இருக்கின்றார், தங்கள் மகளின் சாதகமும் அவரிடமே இருக்கின்றது.

அப்பட்டியல்களில் இன்னொரு குறையும் உண்டு. ஆண்பிள்ளைக்கு வெற்றி, வீரம், அறிவு, ஆட்சி; பெண்பிள்ளைக்கு மலர், மொழி, விழி, நிலா. ஒன்று செய்வோன் பெயர். மற்றையது பார்க்கப்படும் பொருளின் பெயர். பழைய யாழ்ப்பாணம் இவ்விடயத்தில் ஒரு படி மேலாகவே இருந்தது. தெய்வானைப்பிள்ளை, சின்னப்பிள்ளை எனப் பெண்ணுக்கும் பிள்ளை விகுதியை அது கொடுத்தது. எல்லாப் பெண்ணுக்கும் கொடுக்கவில்லை என்பது மேலே சொல்லப்பட்டது.

ஆகவே பேராசைப்படத் தேவையில்லை. கோரப்படுவது இவ்வளவே: தமிழெழுத்தில் இலக்கணப் பிழையின்றி எழுதக்கூடியதாய், பிள்ளை வினவும்போது பெற்றோர் பொருள்சொல்லக்கூடியதாய், கேட்டவன் குலத்தைக் கணிக்க இடந்தராததாய் ஒரு பெயர். குகன், அமுதன், மாறன், முகிலன், இனியன், நிலவன், கவின், யாழினி, தமிழினி, குமுதினி, கோதை, வான்மதி என அவை ஏற்கெனவே ஊரில் நடமாடுகின்றன. வடசொல் வேண்டுவோர்க்கு அருணனும் ஆதிரையும் கல்யாணியும் தடையில்லை. கந்தன் என்றே ஒருவர் தம் பிள்ளைக்கு, அதுவும் நல்லூரிலோ கொக்குவிலிலோ பெயர்பெற்ற குடும்பத்தார் ஒருவர், பெயரிடுவாராயின் அதனினும் சிறந்த ஒன்றில்லை. இன்றுவரை அவ்வாறு செய்யத் துணிந்தோர் அருமை. முருகனைக் காதலாகிக் கசிந்து பாடுவோர் வீடுகளிலே கந்தசாமிகள் இருந்தனர், கந்தவேள்கள் இருந்தனர், கந்தரூபன்கள் இருக்கின்றனர். வெறுங் கந்தன் மாத்திரம் இல்லை.

பிறப்பைப் பதிவதற்குச் சட்டம் 42 நாள் தவணை தருகின்றது. 31ஆம் நாள் துடக்குக் கழிகின்றது. சோதிடருக்கான தொலைபேசி அழைப்போ குழந்தை பிறந்த அன்றிரவே, பிறந்த நேரத்தை நிமிடந் தவறாது குறித்துக்கொண்டு, வைத்தியசாலை விறாந்தையிலிருந்தே சென்றுவிடுகின்றது. எழுத்து வந்துசேரும், எண் வந்துசேரும், வெளிநாட்டிலுள்ள மாமன் அங்குள்ளோர் வாயில் நுழைகின்றதா எனச் சொல்லிப்பார்த்துச் சரியென்பான். எஞ்சிய நாற்பத்தொரு நாளிலும் அவ்வீட்டில் அப்பெயருக்கு என்ன கருத்து என்று கேட்பவள் பெரும்பாலும் ஒருத்தியே. அவள் பாட்டி. அவளுக்கு விடை சொல்ல எவருக்கும் தெரிவதில்லையாதலால், அவள் குழந்தையைக் குஞ்சு என்று கூப்பிடத் தொடங்கிவிடுகிறாள்.